பெயிண்ட் அடிக்கக்கூடாத இடம்

சுத்தியல் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தொழிற்சாலையில் வாட்ச்மேன் முதல் மேலாளர் மேடம் வரை எல்லாருக்கும் அவர் சுத்தியல் சார். இரும்பு எங்கே கண்ணில் பட்டாலும் கையிலிருக்கும் குட்டிச் சுத்தியலால் டொக்கென்று ஒரு தட்டு. காதைச் சாய்த்துக்கொண்டு ஒரு நொடி. பிறகு, "ம்ஹூம், உள்ள தேஞ்சிருக்கு" என்று ஒரு பெருமூச்சு. குழாய், தூண், தொட்டி எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் துரு பார்ப்பவர்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு இரும்பு கேட்டையும் தட்டிப் பார்த்தார். இரண்டாவது தட்டிலேயே கீல் கழன்று கேட் மாமனாரின் கால்மேல் சாய்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்று மருமகன் சொன்ன ஆறுதலை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அந்தக் கோபத்தைச் சேதாரமில்லாமல் மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த மகளின் தம்பி ஒரு பெயிண்டர். வேலையில்லாமல் ஆறு மாதமாக அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு சுவரின் நிறம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். "இத்தன வருஷமா அங்க குப்ப கொட்றீங்க, எந்தம்பிக்கு ஒரு வேல வாங்கிக் குடுக்கத் துப்பில்ல" என்று மனைவி காலையிலும் மாலையிலும் மருந்து மாதிரி கொடுத்தாள். சுத்தியல் சார் மேடத்தின் முன்னால் போய் நின்று எப்படியோ கேட்டுவிட்டார். கடல்நீர்த் தொட்டியின் உட்புறத்துக்கு அவன் பெயிண்ட் அடிக்கட்டும், நன்றாக வந்தால் அந்த வருடம் முழுக்க அவனுக்கே வேலை என்றார் மேடம்.

பத்து நாளில் வேலை முடிந்தது. அன்று மாலை நான்கு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விடவேண்டும். அதற்கு முன் சுத்தியல் சார் உள்ளே இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

காலை பத்து மணிக்கு மாமாவும் மச்சினனும் தொட்டியின் வட்ட வாசலுக்குள் தவழ்ந்து போனார்கள். வெளியே வாட்ச்மேன் காவல். உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு இருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்துக் கேட்பது அவர் வேலை.

டார்ச் வெளிச்சத்தில் சுவர் கண்ணாடிபோல் மின்னியது. சுத்தியல் சார் தட்டினார். நல்ல சத்தம். மனம் குளிர்ந்து வெளிச்சத்தைக் கீழே இறக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரோரமாக வரிசையாகப் பொருத்தியிருந்த இருபத்துநான்கு துத்தநாகக் கட்டிகளும் சாம்பல் நிறத்தில் பளபளத்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளில் ஒரு கரை. நடுவில் வெள்ளையில் எண்.

"மாப்ளே, இது என்னடா?"

"அத ஏன் கேக்கறீங்க மாமா! சொறி புடிச்ச மாதிரி அசிங்கமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சுவருக்கு ரெண்டு கோட்டுதான். இதுக்கு மூணு!"

மூணு, மூணு, மூணு என்று தொட்டியும் பெருமைப்பட்டது.

"அடப்பாவி. இதுக்கு மட்டும் பெயிண்டே அடிக்கக்கூடாதுடா. உப்புத்தண்ணி இரும்பத் தின்ன வரும். பக்கத்துல துத்தநாகம் வெறும் உடம்போட இருந்தா மொதல்ல அதத் தின்னும், இரும்பு தப்பிச்சிக்கும். நீ அதுக்குச் சட்ட போட்டுவிட்டிருக்க. தண்ணி நேரா எங்கடா போகும்?"

"நம்ம பெயிண்டத் தாண்டியா?"

"எங்கயாவது ஊசி மொன அளவு ஓட்ட இருந்தாப் போதும். அங்கயே உக்காந்து தொளச்சிடும்."

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப வீட்ல எங்க அக்காவோட கோவத்துக்கு நீங்க இருக்கற மாதிரின்னு சொல்லுங்க."

சுத்தியல் சார் அறிக்கைத் தாளையும் பேனாவையும் எடுத்தார். உண்மையை எழுதினால் மச்சினனின் வேலை இன்றே போகும், வீட்டில் மழைக்காலம் வரை பேச்சு இருக்காது. எழுதாவிட்டால் தொட்டிக்கு ஆயுசு இல்லை. பேனா தாளுக்குமேல் வட்டமடித்தது.

"மாமா, எல்லாம் சரின்னு எழுதிடுங்களேன்."

"டார்ச்ச நேராப் புடி."

டார்ச் அணைந்தது.

"பேட்டரி போச்சு மாமா."

"போடுடா."

"போச்சுங்கறேன்ல. அக்காகிட்ட சொல்வேன்." சொல்வேன், சொல்வேன், சொல்வேன்.

"ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களா?" என்றார் வெளியிலிருந்து வாட்ச்மேன்.

"இப்ப வரைக்கும்" என்ற சுத்தியல் சார், தாளை முழங்கால்மேல் வைத்து இருட்டிலேயே எழுதினார். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தன. வாசல் வழியே கையை நீட்டித் தாளை வாட்ச்மேனிடம் கொடுத்தார். 'கட்டிகளில் பெயிண்ட். நீக்காமல் தண்ணீர் விடக்கூடாது. கையெழுத்துப் போடமாட்டேன்' என்றிருந்தது. அதற்குக் கீழேயே பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கால்மணி நேரத்தில் வட்ட வாசலில் மேடத்தின் முகம் தெரிந்தது. "யார் இந்த வேலை பாத்தது?"

"நான்தான் மேடம்." செத்துப்போன பேட்டரி அந்தக் கணமே உயிர்பெற்று, மச்சினன் முகத்தைக் காட்டிக்கொடுத்தது.

"நாலு மணிக்குள்ள ஒரு பொட்டு பெயிண்ட் இருக்கக்கூடாது. இருந்தா நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வரவேணாம்."

சுரண்டியும் கம்பி பிரஷ்ஷும் உள்ளே வந்தன. தான் அடித்ததைத் தானே சுரண்டும் பெயிண்டரின் முகத்தை அன்றுதான் சுத்தியல் சார் பார்த்தார். முதல் கட்டியில் முனகினான். ஐந்தாவதில், "இவ்ளோ நல்லா ஏன்டா அடிச்ச?" என்று தன்னையே திட்டிக்கொண்டான். எட்டாவதுக்குமேல் அவனுக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. சுவரில் ஒரு கீறல்கூட விழாமல், மூலை, இடுக்கு, அடிப்பக்கம் எல்லாம் விரல்நகத்தால் தடவித் தடவி எடுத்தான். சுத்தியல் சார் நாலு முடிப்பதற்குள் அவன் இருபதை முடித்திருந்தான். வாட்ச்மேனின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூட அவனுக்கு நேரமில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து மாமாவே, "இருக்கோம், இருக்கோம்" என்று கத்தினார்.

நான்கு மணிக்கு மேடமே தவழ்ந்து உள்ளே வந்தார். ஒவ்வொரு கட்டியையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். கடைசியாகச் சுவரையும் பார்த்தார்.

"பெயிண்ட் சுமார்தான்" என்றார்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆனா சுரண்டினது யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருபது இவன் மேடம்" என்றார் சுத்தியல் சார்.

"பெயிண்ட் அடிக்க வரிசைல நிக்கறாங்க. பழைய துருவ இப்படி ஒட்டச் சுரண்ட ஒருத்தன் சிக்க மாட்டேங்கறான். அத ஒழுங்காச் சுரண்டாததாலதான் அடிக்கிற பெயிண்டெல்லாம் உரிஞ்சு போகுது. நாளைலேர்ந்து வருஷம் பூரா இதுதான் உன் வேலை. பிரஷ்ஷ மட்டும் தொட்டுடாத."

இந்தமுறை வேண்டுமென்றே போட்ட கையெழுத்தோடு சுத்தியல் சார் வெளியே வந்தபோது போன் அடித்தது.

"எந்தம்பிக்கு வேல உண்டா இல்லயா?"

"உண்டு. வருஷம் பூரா."

"பெயிண்டிங்தான?"

"சுரண்டறது."

மறுமுனையில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. மச்சினன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "அக்கா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. பெயிண்ட் எவன் வேணா அடிப்பான்!" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வால்வு திறந்து, கடல்நீர் தொட்டிக்குள் இரைச்சலோடு இறங்கியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, அந்தப் பதினேழாவது கட்டி கழுவித் தொடச்ச கொழந்த மாதிரி வந்திருந்துச்சு. அதயுமா தின்னும்?"

"அதத்தான் மொதல்ல தின்னும், மாப்ளே."