மூணாவது பிளக்

மெக்கானிக் வேலையில் பாதி, வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது. மீதிப் பாதி, கண்டுபிடிக்க முடியாதபோது என்ன சொல்லிச் சமாளிப்பது என்பது. ஒரே கோளாறுக்காக ஒரே ஒர்க்‌ஷாப் வாசலில் மூன்று தடவை, நாலு தடவை போய் நின்ற பாவப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பவன் மனசில் என்ன ஓடுகிறது என்று, இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் நிற்பவன் சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

எத்தனால் என்ற வரம்

இரணியல் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். ராஜமணி சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கண் பார்வை மங்கியதால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். அவருடைய பழைய வெள்ளைக் காரை ஏழு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் சூசையண்ணன். முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரர். முதுகு தேய்ந்து கடலுக்குப் போக முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார்.

அந்த வண்டியின் இஞ்சினில் தீப்பொறி விடுகிற நாலு பிளக்கும் தேய்ந்து போயிருந்தன. நாலையும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. மேட்டில் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது என்றார்கள். கழற்றிப் பார்த்தால் மூணாவது பிளக் மட்டும் கறுத்து, நனைந்து, செத்துப் போயிருந்தது. அதை மட்டும் மாற்றினேன். பத்து நாளில் மறுபடியும் அதே மூணாவது.

காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது என் பிறவிக் குணம். இந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கென்றே பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்று ஒரு வரம் கிடைத்திருக்கிறது. எந்தக் கோளாறுக்கும் அதைச் சொல்லலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். "இப்பம் வாற பெட்ரோலு சரியில்ல சார்" என்று போனில் ஒரு பாடமே எடுத்தேன். முப்பது வருடம் பையன்களின் சாக்குப்போக்கைக் கேட்டுச் சலித்தவர் அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏடே, எதுத்த வீட்டு வண்டியும் இதே பெட்ரோலத்தானடே குடிக்குது?"

உப்புக்காற்று

மூன்றாவது முறை வந்தபோது பழி உப்புக்காற்றின் மேல் விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் திரும்பக் கொண்டுவர சூசையண்ணனுக்கு சார் சம்மதம் கொடுத்திருந்தார். கடலிலிருந்து இருநூறு அடியில் வண்டி நிற்கிறது, உப்பு ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். அதே கடற்கரையில் நூறு வண்டி வருடக்கணக்காக நிற்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

வேறு யாராவது என்றால் சண்டைக்கு வந்திருப்பார்கள். சூசையண்ணன் நம்பினார். அடுத்த வாரம் மூணாவது பிளக் செத்து, வண்டியை உருட்டாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தியவர், தான் ஏதோ தப்பு செய்துவிட்டவர்போலத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. அவர் சொன்னது இது: "பச்சப்பிள்ளையப் போத்துகது மாதிரி தார்ப்பாய் போட்டுப் போத்தித்தான் வச்சேன் தம்பி. இனி என்ன செய்யணும், சொல்லு."

நான் வாயைத் திறந்த நாள்

ஐந்தாவது தடவை ராஜமணி சாரே கூட வந்துவிட்டார். கோபம். "ஒனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா, ஒண்ணச் சொல்லு" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவரவர் வண்டிக்காக நாலு பேர் காத்து நின்றுகொண்டிருந்த நேரம். எனக்கு முகம் சுண்டிப்போனது. தப்பித்தால் போதும் என்று பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்து ஒரு இழு இழுத்தேன். பற்றவைக்காத பிளக்கில் பெட்ரோல் வாடைதான் வரும், வேறென்ன வரும்? ஆனால் நான் சொன்னது, "சார், இது கடல்ல போற போட்டு இஞ்சினுக்கு ஊத்துற மண்ணெண்ணெய்."

எங்கள் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கடற்கரையில் வள்ளத்துக்கான மண்ணெண்ணெய் வீட்டுக்கு வீடு கேனில் இருக்கும். டிரைவர் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு, அளவு காட்ட அதில் மண்ணெண்ணெயை ஊற்றிவைத்தான் என்பதுதான் நான் சொன்னதன் பொருள். மேட்டு நிலத்துக்காரனான என் நாக்குக்கு அந்தப் பழியை எங்கே எடுக்க வேண்டும், யார் மேல் போட்டால் ஒட்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது. எழுதும்போது கூசுகிறது. நின்றிருந்த நாலு பேரும் சூசையண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். சார் அவரிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

சூசையண்ணன் கத்தவில்லை, சத்தியம் செய்யவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் "வண்டி வேல எனக்குப் படிப்பிச்சுத் தாறீரோ ஓய்" என்று சிரித்தேன். அதுவரை அண்ணே என்று கூப்பிட்ட வாய். அவர் கேட்டது இதுதான்: "மண்ணெண்ணெய் ஊத்துனா நாலு பிளக்கும்லா தம்பி கறுக்கணும்?"

மடத்து வண்டி

அதன்பிறகு சார் வண்டி என்னிடம் வரவில்லை. புது டிரைவர் தனக்குத் தெரிந்த நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறார் என்றும், இப்போது ஒரு தொல்லையும் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் கோளாறு நின்றுவிட்டது என்று டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பையும் சேர்த்தல்லவா மாற்றினார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து கோட்டாற்றிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி மடத்தின் வண்டி வந்தது. சார் வைத்திருக்கும் அதே மாடல். பிளக் மாற்றிக் கொடுத்தேன். பதினாறாம் நாள் மடத்து கிளாரா சிஸ்டர் வண்டியோடு திரும்பி வந்தார். திறந்து பார்த்தேன். மூணாவது. கறுத்து, நனைந்து, அதே மாதிரி. சார் வண்டி நினைவுக்கு வந்தது. ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் ஏதாவது..." என்று இழுத்தேன்.

சிஸ்டருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, என்னை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வண்டி ஓட்டுகது நான், பெட்ரோல் அடிக்குகது நான். அப்பம் களவாண்டதும் நானா மக்களே?"

கோட்டாற்று வெயில்

அப்போதும் என்னைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. பிளக்கே போலிச் சரக்காக இருக்கும் என்று முடிவு கட்டி, செத்த பிளக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கோட்டாற்றில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் சண்டைக்குப் போனேன். அவர் கடையை விட்டிறங்கி, தெருவில் வெயில் விழும் இடத்தில் நின்று பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பீங்கான் பாகத்தின் அடியில் தலைமயிர் அளவு ஒரு விரிசல். அதன் வழியே மின்சாரம் ஒழுகி ஓடிய கறுப்புக் கோடு.

எந்த ஸ்பேனரால் முடுக்குகிறாய் என்று கேட்டார். பையிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். பீங்கானைப் பிடித்து நேராக நிறுத்துவதற்கு ஸ்பேனருக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது தேய்ந்து விழுந்து வருடம் ஒன்றாகிறது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு சைக்கிள் டியூபை வெட்டித் திணித்து வைத்திருந்தேன். அந்த மாடலில் மூணாவது பிளக்குக்கு மேலே ஒரு பைப் குறுக்கே ஓடும். ஸ்பேனர் கொஞ்சம் சரிந்துதான் உள்ளே போகும். ரப்பர் சரியாக இருந்தால் அது தாங்கும். டியூப் துண்டு தாங்காது. ஒவ்வொரு தடவையும் புதுப் பிளக்கை நானே விரிசல் விடவைத்து, நானே மாட்டி, நானே அனுப்பியிருக்கிறேன். விரிசல் சூடாகிச் சூடாகிப் பெரிதாக ஒரு வாரமோ இரண்டு வாரமோ எடுத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

தெரு நடுவில் அப்படியே நின்றேன். அவமானம் என்பது மற்றவர்கள் பார்த்தால்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். காதர் பாய்க்குச் சூசையண்ணன் யாரென்றே தெரியாது. ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்க சரக்குல கொறையில்ல. இது கை ஒடச்சது."

ஹெட்மாஸ்டர் முன்னால்

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதையான சொல். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் விரிசல் விட்ட பிளக்கையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ராஜமணி சார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சார் பிளக்கைக் கையில் வாங்கி, கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவி விரிசலைத் தேடினார். விரலுக்கு அது தட்டுப்படவில்லை. மேசை மேல் வைத்துவிட்டார். அவரும் என்னைப் போலவே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு சொன்னார்: "ஏழு வருசம் எனக்குக் கண்ணா இருந்தவன், ஒரு கேள்வி கேக்காம அனுப்பினேன்டே. இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு அவன விளிப்பேன்?"

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில்

சூசையண்ணன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். தேய்ந்த முதுகில் துணிப்பட்டை இறுக்கிக் கட்டியிருந்தார். பெட்ரோல் திருடியவன் என்று பேர் வந்த டிரைவரை நம்பி யாரும் சாவி கொடுக்கவில்லை என்று அங்கே ஒருவர் சொன்னார். என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். ஸ்பேனர், சைக்கிள் டியூப், மூணாவது பிளக் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். சார் திரும்ப வேலைக்குக் கூப்பிட நினைக்கிறார் என்பதையும் வேகமாகச் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொன்னால் என் பாரம் இறங்கிவிடும் என்று ஒரு நப்பாசை.

அவர் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. நாலு பிளக்கும் கறுக்க வேண்டுமே என்று அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டவும் இல்லை. கடல் பக்கம் பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினார்: "வேல கெடக்கட்டும் தம்பி. அண்ணைக்கு ஒனக்க கடையில நிண்ணு கேட்ட நாலு பேருக்கும் நான் இப்பவும் கள்ளன்தான. அவங்ககிட்ட ஆரு போய்ச் சொல்லுவா?"

அந்த நாலு பேரில் மூன்று பேரை வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் இப்போது சவூதியில் இருக்கிறார், போனில் சொல்லித் தீர்க்கிற விஷயமும் இல்லை, லீவுக்கு என்றைக்கு வருகிறார் என்று அவருடைய பெண்டாட்டி பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.