ஒரு சைஸ் சின்னது

மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் அறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிரீஸ் படாத ஒரே விரலான சுண்டுவிரலால் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார் லிஃப்டண்ணன். மஞ்சள் கவுன் ஒன்று திரையில் வருகிறது. விலையை அவர் பார்ப்பதில்லை, துணி பருத்தியா பாலியஸ்டரா என்பதும் அவருக்குப் பொருட்டில்லை. நேராகக் கீழே இறங்கி, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் போய் நிற்கிறார். "என் பொண்ணுக்குப் பதினோரு வயசு, தோள் கொஞ்சம் இறுக்கம்" என்று யாரோ ஒரு தாய் எழுதியிருப்பதை உதடசைத்துப் படிக்கிறார். கூடவே ஒரு படம். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்ட படம். முகமில்லாத ஒரு சிறுமி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், சுருக்கிப் பார்க்கிறார். பதினோரு வயது என்றால் இவ்வளவு இருப்பார்களா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவருடைய மகளுக்கும் பதினோரு வயது. தாயோடு வேறு ஊரில் இருக்கிறாள், ரயிலேறினால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். கணவனும் மனைவியும் பிரிந்தபோது பெரிய சண்டையென்று எதுவுமில்லை. கேட்பவர்களிடம், "ரெண்டு பேரும் நல்லவங்கதான். சேந்து இருந்தாதான் ஆகல" என்பார். அதற்கு மேல் கேட்டால் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டால் முதலில் அவரைத்தான் அனுப்புவார்கள். கைவேலையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அந்தக் கம்பெனியில் உண்டு. வாய்வேலையில் யாரும் கிடையாது. மூடிய கதவின் இடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்கம்மா, நான் இங்கயே கதவுகிட்டதான் நிக்கிறேன். எங்கயும் போகமாட்டேன். கையில என்ன, காய்கறிப் பையா? என்னென்ன வாங்கினீங்க, சொல்லுங்க கேப்போம்" என்று ஆரம்பிப்பார். உள்ளே அழுதுகொண்டிருந்த அம்மாள் தக்காளி, வெங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூச்சு சீராகிவிடும். கதவு திறந்ததும் பெரும்பாலானோர் நன்றி சொல்வதில்லை. கழிப்பறை எங்கே என்றுதான் கேட்பார்கள். அண்ணன் அதற்கும் கைகாட்டிவிட்டுச் சிரிப்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு கதவின் முன்னால் வாயடைத்துப் போயிற்று. பிரிந்த புதிதில் மாதாமாதம் மகளைப் பார்க்கப் போய்வந்தார். ஒரு தடவை போனபோது குழந்தை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. என்ன கோபமோ, வெட்கமோ, யாருக்குத் தெரியும். இவர் கதவுக்கு வெளியே நின்றார். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கதவிடுக்கு வழியாகத் தேற்றுகிறவருக்கு, பெற்ற பெண்ணிடம் சொல்ல ஒரு சொல் வரவில்லை. மனைவியிடம், "வற்புறுத்தாத. வரும்போது வரட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தார். பிறகு ஒரு மாதம் வேலை, இன்னொரு மாதம் காய்ச்சல். போவது குறைந்தது, நின்றும் போயிற்று. அவருக்குப் பதிலாகத் துணிகள் போக ஆரம்பித்தன.

முதலில் கடைக்குத்தான் போனார். குழந்தைகள் பகுதியில் எங்கு பார்த்தாலும் அப்பாக்கள். ஒருவர் தன் மகளைத் திருப்பி நிறுத்தி முதுகில் கவுனை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்தது. "ஆடாம நில்லுடி" என்று அவர் அதட்டினார். அண்ணனுக்கு அந்த அதட்டலைக் கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது. அதற்குள் கடைப்பெண் ஒருத்தி வந்து, "குழந்தையைக் கூட்டிட்டு வந்துடுங்க சார், போட்டுப் பாத்தே எடுத்துடலாம்" என்றாள். "தூங்குறா" என்றார். காலை பதினோரு மணி. அவள் ஒரு மாதிரியாகப் பார்க்க, இவர் படியிறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து செயலிதான். "ஆப்புல ஒரு சௌகரியம். குழந்தை எங்கன்னு கேக்காது" என்பார்.

இவரோடு ஜோடியாக வேலை பார்க்கும் தாடிக்கு இதில் உடன்பாடு கிடையாது. தாடி ஒருமுறை செயலியில் பேன்ட் வாங்கினான். வந்து சேர்ந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களும் வாங்க, ஆளுக்கு ஒரு காலா நொழச்சுக்கலாம்" என்றான். அத்தோடு செயலிக்குத் தலைமுழுகியவன். அவனுக்குத் துணியைக் கசக்கிப் பார்க்க வேண்டும், போட்டுப் பார்க்கிற அறைக்குள் நுழைய வேண்டும், வெளியே அவன் பெண்டாட்டி நின்றுகொண்டு "திரும்புங்க, பின்னாடி பாப்போம்" என்று சொல்ல வேண்டும். "துணின்னா உடம்புல ஏறணும்ணே. போன்ல ஏறி என்ன பிரயோசனம்?" என்று கேட்பான். அண்ணன் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். அவருக்கு அதில் கிடைத்த பிரயோசனம் வேறு.

அவர் முதலில் அனுப்பிய கவுன் மகளுக்குச் சரியாக இருந்தது போலிருக்கிறது. பார்சல் சேர்ந்துவிட்டது என்று செயலி சொன்னது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போன மறுநாள், மனைவியிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: "சின்னதா இருக்கு. தோள்ல ஏறல. பார்சல்காரனை வந்து எடுத்துக்கச் சொல்லுங்க." அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "டேய் தாடி, வளந்துட்டாடா!" என்று மொட்டைமாடியிலிருந்து கத்தினார். அன்று கட்டடக் காவலாளி வரைக்கும் அவர் கணக்கில் டீ. பிறகு நிதானமாக உட்கார்ந்து, "எவ்வளவு சின்னது?" என்று கேட்டு அனுப்பினார். நாலு விரல் என்று வந்தது. கையா, நீளமா என்றார். ரெண்டும் என்று வந்தது. மெல்ல, ஸ்கூல்ல எப்படி என்றார். நல்லாப் படிக்கிறா, பாட்டு கத்துக்கறா என்று வந்தது. ஒரு கவுன் பொருந்தாமல் போனதில் இத்தனை பேச்சு! அடுத்ததைப் பெரிய சைஸில் அனுப்பினார். அது பொருந்திவிட்டது, அந்தப் பக்கம் மறுபடி வாய் மூடிக்கொண்டது.

அப்போதுதான் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். வேண்டுமென்றே ஒரு சைஸ் சின்னதாகப் போட ஆரம்பித்தார். சின்னது வரும், அவர்கள் செய்தி அனுப்புவார்கள், இவர் ரெண்டு கேள்வி கேட்பார், நடுவில் ஒரு கேள்வி மகளைப் பற்றி. ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று செயலி கேட்கும். 'அளவு சிறியது' என்ற இடத்தைத் தொடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சையில் பாஸானவர் முகம். அசட்டுத்தனம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் திட்ட முடியாது. தாடி மட்டும் விடமாட்டான்.

"ஏண்ணே, போனைப் போட்டுப் பேசினா என்ன?"

"என்னன்னுடா பேசுறது? துணின்னா ஒரு விஷயம் இருக்குல்ல."

"இப்படியே எத்தனை நாளைக்கு?"

"அவ வளர்ற வரைக்கும்."

ஒருநாள் மனைவியே கூப்பிட்டாள். செய்தியில்லை, குரல். அண்ணன் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று எடுத்தார்.

"நேத்து ஸ்கூல் விழாவுல அவ மேடையில பாடினா" என்றாள். "நீங்க அனுப்பினதைத்தான் போட்டுக்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. பார்சல் முன்னாடியே வந்துடுச்சு. பிரிக்கவே விடல. போட்டுப் பாத்தா பழசாயிடுமாம், அன்னிக்குத்தான் பிரிப்பேன்னுட்டா."

அந்தப் பார்சலில் என்ன சைஸ் போட்டார் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

"தோளோட நின்னுடுச்சுங்க. இழுத்துப் பாத்தா, அக்குள்ல தையல் விட்டுடுச்சு. யூனிஃபார்ம்லதான் போய்ப் பாடினா. வந்து அழுதா பாருங்க... நாங்களும் ஒவ்வொரு தடவையும் சொல்றோம், ஒவ்வொரு தடவையும் சின்னதாவே வருது. நான் எவ்ளோ பெரிசுன்னுகூட அப்பாவுக்குத் தெரியாதாம்மான்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் சின்னதாகப் போட்டேன், உங்கள் பதிலுக்காகத்தான் போட்டேன் என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "ஆப்புல சைஸை மாத்தி அனுப்பிட்டான்" என்றார். பழியைத் தூக்கி முகமறியாத ஒருவன் தலையில் வைத்தார்.

"இருக்கட்டும். இனிமே அனுப்ப வேண்டாங்க. நானே அவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் போட்டுப் பாத்து எடுத்துக்கறேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தக் கவுனை ரிட்டர்ன் போட்டுடட்டுமா?"

"கிழிஞ்சதை எவன் எடுப்பான்? அதுவுமில்லாம, குடுக்க மாட்டேங்குறா. அலமாரியில மடிச்சு வெச்சிருக்கா."

அண்ணன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட ஒரு நிமிஷம் குடேன்."

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுவென்று பேச்சு. பிறகு மனைவியின் குரல்தான் வந்தது. "வேண்டாங்குறா."

அதற்குப் பிறகு சில நாள் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. தாடிதான் திட்டித் திட்டி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தான். மோட்டார் அறையில் கைப்பேசி தானாக மினுங்கும். உங்கள் குழந்தைக்குப் புதிய கவுன்கள் வந்திருக்கின்றன என்று செயலி கூப்பிடும். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்ட் நின்றுபோய், இவர்கள் இருவரையும் அனுப்பினார்கள். தாடி மேலே மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குழந்தைகள் துணி விற்கும் மாடியில் அண்ணன் லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை முடிகிற நேரத்தில், அந்த மாடியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். இவருடைய பார்வை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். எதிரே வரிசையாகக் கவுன்கள்.

"பொண்ணு இருக்காளாண்ணா?"

"இருக்கா."

"நேத்து வந்த சரக்கு, நல்லா இருக்கும். ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?" ஹேங்கர்களுக்கு நடுவே கையை விட்டபடியே கேட்டாள். "என்ன உயரம் இருப்பா?"

அண்ணன் எழுந்து நின்றார். உள்ளங்கையைப் பேன்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு கையைத் தரையைப் பார்க்க விரித்து, இடுப்புக்கு நேரே காற்றில் பிடித்தார். அவள் ஒரு கவுனை உருவினாள்.

"இருங்க" என்றார்.

கை நெஞ்சு வரைக்கும் ஏறியது. அங்கே நின்றது. அவர் கண்ணைச் சுருக்கித் தன் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே பார்த்தார். அந்தப் பெண்மணி கையிலிருந்ததை மாட்டிவிட்டு, அடுத்த வரிசையிலிருந்து பெரியதாக ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இருங்கம்மா" என்றார் மறுபடியும். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.