பூவலுக்கு மேலே ஒரு வயல்

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, புதுக்குடியிருப்புக்கு உட்புறமாகக் காட்டோரத்தில் கொட்டில் போட்டு நாங்கள் இருந்த இரண்டாவது மாரியில் இது நடந்தது. கொட்டில்களுக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடியது. அதன் மேட்டு மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வரும். அந்தக் குழியை அங்கே பூவல் என்பார்கள். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். அந்த மாரியில் விடாமல் பெய்த மழையில் பொதுக்கிணற்றுக்குள் மலக்குழித் தண்ணீர் புகுந்துவிட்டது. மிஞ்சியது பூவல் மட்டும்தான்.

கெட்ட தண்ணீரால் வந்த நெருப்புக்காய்ச்சலிலிருந்து என் மகள் அப்போதுதான் எழும்பியிருந்தாள். கணவர் வேலை தேடி மல்லாவிப் பக்கம் போயிருந்தார். பிள்ளையின் வாய்க்குள் போகிற ஒவ்வொரு மிடறையும் நான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஈர விறகை ஊதி ஊதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடித்துத்தான் கொடுப்பேன். பல நாள் நித்திரை இல்லாததால் உலகமே தண்ணீருக்கு அடியில் அசைவதுபோல இருந்தது எனக்கு.

ஒரு விடியற்காலையில் மழை விட்டது. புகார் வெண்பனிமூட்டமாக ஆற்றின்மேல் படுத்திருந்தது. "ஆறு உடைச்சுப் போட்டுது, ஆக்கள் வாங்கோ!" என்று யாரோ சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பக்கத்துக் கொட்டில் பெண்ணிடம் விட்டுவிட்டு நானும் ஓடினேன். எங்கள் பூவலுக்கு மேலே, ஆறு வருகிற பக்கத்தில், கரை உடைந்து தண்ணீர் வயல்களுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஊர்க்காரரும் இடம்பெயர்ந்தவர்களுமாக வரிசையில் நின்றோம். காட்டுத்தடிகளை அறைந்து, வைக்கோலைத் திணித்து, மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, மேலே புற்றுமண்ணைப் போட்டு மிதிக்க வேண்டும். ஆற்றுக்குள் இறங்கப் பார்த்த உழவு இயந்திரத்தை ஊர்க்காரர்களே மறித்தார்கள். "கீழ சனம் குடிக்கிற தண்ணி. எண்ணெயும் சேறும் போகும். கையால தூக்குவம்" என்றார்கள். மண் கூடை கைக்குக் கை மாறி வந்தது. ஒரு கூடை சரிந்தால் வரிசை முழுவதும் கத்தும்: "ஆத்துக்குள்ள கொட்டாதேங்கோ!"

ஒருவர் மட்டும் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். தலையில் துவாய் கட்டிய மெலிந்த மனிதர். வயல்களில் ஆகக் கடைசியாக, பள்ளத்தில் கிடந்தது அவருடையது. அதற்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு வரம்பு மட்டும்தான். வயலுக்குள் ஏறிய தண்ணீர் அந்த வரம்பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. "கெதியாய், கெதியாய்!" என்று அவர் உடைப்புக்கும் வயலுக்குமாக ஓடினார்.

"பாருங்கோ அக்கா, எங்களைப் பற்றி ஆருக்குக் கவலை? அவருக்குத் தன்ர வயலிலதான் கண்" என்றாள் எனக்குப் பக்கத்தில் நின்றவள்.

"தன்ர மனுசியைக்கூட இப்பிடிப் பார்த்திருக்க மாட்டார்" என்றாள் அடுத்தவள். வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

மதியம் சாய்ந்தபோது உடைப்பு அடைபட்டது. அவ்வளவு நேரமும் காதை நிறைத்திருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. நனைந்த வெயில் வந்தது. வெள்ளக் காட்டில் வானம் தலைகீழாகக் கிடக்க, அதன்மேல் கொக்குகள் சத்தமில்லாமல் நடந்தன. மேல் வயல்காரர்கள் வரம்பை வெட்டித் தங்கள் வயல்களில் நின்ற தண்ணீரை ஆற்றுக்குள் இறக்கிவிட்டு, மரத்தடியில் பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். பள்ளத்து வயலில் மட்டும் தண்ணீர் வடியாமல் நிற்க, பயிரின் நுனிகள்தான் மேலே தெரிந்தன. அதன் சொந்தக்காரரோ அடைப்பைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம், களைத்துப் போய்த் தன் வயலை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சிரித்ததும் மனதை உறுத்தியது. ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவருடைய வரம்பை வெட்டத் தொடங்கினேன். ஈர மண் பாலப்பம்போல வெட்டுப்பட்டது. வெட்டின வாயில் தண்ணீர் வந்து, கண்ணாடிபோல வளைந்து, தயங்கி நின்றது. எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டே நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அவர் ஓடிவருவதைக் கண்டேன். வாய் திறந்திருந்தது, சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வந்தவர் என்னைத் தள்ளிவிட்டு, அந்த வெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்தார். முதுகில் வயல் தண்ணீர் ஏறியது.

"மண்ணைப் போடுங்கோ! என்ர மடியில போடுங்கோ!"

"அண்ணை, உங்கட பயிருக்குத்தானே..."

"பயிர் கிடக்கட்டும். இந்த மழைக்கு முதல் நாள் மருந்து அடிச்சனான். இந்தப் பக்கத்தில எனக்கு மட்டும்தான் மருந்து கிடைச்சது. எல்லாம் கழுவுப்பட்டு இந்தத் தண்ணியிலதான் நிக்குது. வெட்டிவிட்டால் நேரே உங்கட பூவலுக்குத்தான் போகும்."

"நான் பிள்ளைக்குக் கொதிக்கவைச்சுத்தான் குடுக்கிறனான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

"கொதிக்கவைச்சால் கிருமி சாகும். பூச்சி மருந்து சாகுமே?"

நான் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவருடைய மடியில் போட்டேன். மரத்தடியில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவரைச் சுற்றி மண் எழும்பியது. கடைசியில் அவரைப் பிடுங்கி எடுப்பதுபோலத்தான் தூக்கினார்கள்.

"ஏன் அண்ணை விடியவே சொல்லேல்லை?" என்று காலையில் பகிடி பண்ணியவள் கேட்டாள்.

"சொன்னால் நிண்டு மண் சுமந்திருப்பியளே? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பியள். உடைப்பு நிண்டிருக்காது. வரம்பு மேவி எல்லாம் கீழதான் வந்திருக்கும்."

நான் கைகூப்பினேன். அழுகை வந்தது. அவர் சேற்றைத் துவாயால் துடைத்துக்கொண்டே, "கும்பிட்டுக்கொண்டு நிக்காதேங்கோ தங்கச்சி, ஏறி மிதியுங்கோ. மண் இறுக வேணும்" என்றார். மிதித்தேன். மண் இறுகும்வரை மிதித்தேன்.

கொட்டிலுக்கு ஓடி, குடத்திலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினேன். பூவலில் அள்ளவிடாமல் எல்லோரையும் மறித்தோம். தூரத்துக் கோயில் கிணற்றிலிருந்து சில நாட்கள் தண்ணீர் சுமந்தோம். அவர் உட்கார முதல் ஒரு கையளவு தண்ணீராவது அந்த வாயைக் கடந்திருக்குமோ என்ற நினைப்பு இன்றும் என்னை நித்திரையிலிருந்து எழுப்புகிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வளர்ந்துவிட்டாள். நான் சொன்னாலும் இதையெல்லாம் பாதிதான் கேட்கிறாள்.

அவர் அந்த வரம்பை வெட்டவேயில்லை. தண்ணீர் தானாக நிலத்துக்குள் இறங்கும்வரை விட்டுவிட்டார். மற்ற வயல்கள் கரும்பச்சையாக எழும்பி நிற்க, அவருடையது மட்டும் மஞ்சளாகி, அடி அழுகி, சேற்றோடு சேறாகப் படுத்தது. அந்தப் பக்கமாகப் போகும்போது அழுகல் மணக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவரோ வரம்பில் நின்று, "பிள்ளை சாப்பிடுறாளோ?" என்று மட்டும் கேட்பார்.

பிறகு நாங்கள் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தோம். இப்போதும் பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது பார்க்கிறேன். எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மேட்டில், எங்களுக்குத் தெரியாத ஒன்றை, யாரோ ஒருவர் தன் உடம்பால் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தோன்றுகிறது.