சுண்ணாம்பில் ஊறிய சவ்வு

பக்கத்து வீட்டுக்காரனை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும்தான். மாதனூரில் என் புழுக் கொட்டகைக்கும் அவன் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். "ஈப்புழு வளக்குறதெல்லாம் ஒரு பொழப்பா? ஒன்னால தெருவுக்கே பேஜாரு" என்று தினமும் கத்துவான். பஞ்சாயத்தில் மனு வேறு கொடுத்தான்.

பதினோரு வருஷம் ஷூ கம்பெனியில் தைத்துவிட்டு, அந்த வேலையை உதறிவிட்டு ஆரம்பித்த தொழில் இது. பிரியாணிக் கடை மிச்சம், மார்க்கெட் அழுகல், எதைக் கொட்டினாலும் புழுக்கள் தின்று கொழுக்கும். கொழுத்ததைக் கோழிக்குத் தீவனமாகக் கொடுக்கலாம். ஒடுகத்தூர் பண்ணைக்காரர் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி கம்பெனி பஸ்தான் எனக்கு.

செவ்வாயன்று தோல் பதனிடும் டேனரியிலிருந்து, தோலில் சுரண்டியெடுத்த சவ்வு ஒரு லோடு வந்தது. புழு வளரும் டிரேக்களில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேல் அவன் தலை தெரிந்தது.

"அத்தப் போடாத. சுண்ணாம்புல ஊறின சவ்வு. புழு செத்துரும்."

"ஒன் வேலையப் பாத்துக்னு போ."

அவன் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நிற்பவன் என்பது தெரியும். இருந்தாலும், தோலைப் பற்றி எனக்கே பாடமா? நான் பார்த்ததெல்லாம் பளபளவென்று தையல் மேசைக்கு வரும் தோல். அதற்கு முன் அது என்ன பாடு படும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை புழுக்கள் டிரே விளிம்பேறி, தரையெங்கும் சுருண்டு செத்துக் கிடந்தன. அள்ளிய என் கையும் எரிந்தது. அவன் சுவரோரம் வந்து பார்த்தான், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கல்லெடுத்து அடித்திருப்பேன்.

பண்ணைக்காரரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். சவ்வு போதாமல் விட்டிருந்த கடைசி நாலு டிரே தப்பியிருந்தது. அடுத்த லோடு வந்ததும் ஒரு கை அள்ளிக்கொண்டு போய் அவன் கதவைத் தட்டினேன்.

"இன்னா?"

சவ்வை நீட்டினேன். முகர்ந்தான், நசுக்கினான். சுண்ணாம்பு அரித்த விரல்கள், நகம் பாதிதான் இருந்தது.

"பச்சச் சவ்வு. சுண்ணாம்பு படல, போடு" என்றான். "எடுத்துக்னு போ, வூடே நாறுது!" கதவைப் படாரென்று சாத்தினான்.

பண்ணைக்காரர் வந்தார், பார்த்தார், நாலு டிரேயையும் எடுத்துக்கொண்டார். அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. செத்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் முகர்ந்து பார்க்காத சவ்வு அதற்கப்புறம் என் டிரேயில் விழுந்ததே இல்லை.