பம்பரம் மாஸ்டர் ஓய்வெடுத்த கதை

பம்பரம் மாஸ்டர் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. கண்டதாகச் சொன்னவர்களையும் யாரும் நம்பவில்லை. அவருடைய கல்யாணப் படத்தில்கூட மணப்பெண் நாற்காலியில் இருக்கிறாள், பக்கத்து நாற்காலியில் யாருடைய கைப்பையோ இருக்கிறது, மாஸ்டர் பின்னால் நிற்கிறார். நிற்பதும் சரியாக விழவில்லை. அசைந்துவிட்டதால் முகம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும்.

பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் உத்தியோகம். கால்பந்து அணி அவர் பொறுப்பு. சாப்பிடுவது சமையல் மேடையருகே நின்றபடி, செய்தித்தாள் படிப்பது நடந்தபடி. மனைவி மருத்துவமனையில் இரவுப்பணி நர்ஸ். பகலில் தூங்கியாக வேண்டிய ஒருத்தியை, பக்கத்தில் இருப்பவரைத் தூங்கவிடாத ஒருவருக்குக் கட்டிவைத்த பெரியவர்களின் நகைச்சுவை உணர்வை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

போன வருடம் சீசனுக்கு முன்னால் மாஸ்டர் அணியைத் தயார்செய்த விதம் மிகவும் எளிமையானது. ஓடவிட்டார். அவர்கள் களைத்ததும் மறுபடி ஓடவிட்டார். விளைவு, முதல் மேட்சன்று பாதி அணி ஐஸ் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முன்களத்தில் கோல் போடுகிற பெண்ணுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். அவள் வார்ம்-அப்பிலேயே தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு விழுந்து, சீசன் முழுவதையும் அந்தப் பெஞ்சிலிருந்தே பார்த்தாள்.

இந்த வருடம் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு காலத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர்.

“உட்காருங்க மாஸ்டர்.”

“பரவால்ல மேடம்.”

“போன வருஷம் முதல் மேட்சுக்கு எத்தனை பேரை நிக்க வச்சீங்க?”

“எட்டுப் பேரு மேடம். ஆனா எட்டும் சிங்கம்.”

“ஆட்டத்துக்கு எத்தனை பேர் வேணும்?”

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

“இந்தத் தடவை பதினோரு பேருக்கும் இருபத்திரண்டு காலும் முழுசா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் டீமை நீச்சல் டீச்சர்கிட்ட குடுத்துடுவேன். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா ரெஸ்ட். அதுவும் பயிற்சிதான், புரியுதா?”

புரிந்தது. அணி போய்விட்டால் மாஸ்டருக்கு மிச்சமிருப்பது காலைக் கூட்டத்தில் “நேராக நில்” என்று சொல்லும் உத்தியோகம் மட்டுமே. ஓரிடத்தில் நிற்பது அவர் வாழ்நாளில் நம்பாத ஒரு விஷயம்.

ஆகவே மாறினார். ஓட்டத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். குதித்தால் முழங்காலை மடக்கி, பூனை மாதிரி இறங்கச் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தி மண்டியிட, இன்னொருத்தி அவள் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல முன்னால் சாயும் பயிற்சி தொடைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அதையும் சேர்த்தார். திங்கள் முதல் சனி வரை ஒரு குறையுமில்லை. குறையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

“நாளைக்கு எல்லாரும் படுக்கணும்,” என்று சனிக்கிழமை மாலை விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கினார். “ஏனோதானோன்னு படுக்கக்கூடாது. உயிரைக் குடுத்துப் படுக்கணும்!”

ஞாயிறு காலை பணி முடிந்து வந்த மனைவி தூங்கப் போனாள். மாஸ்டர் சைக்கிளைத் துடைத்தார். துடைத்த சைக்கிளை மறுபடி துடைத்தார். இந்த நேரத்தில் அந்தப் பெண்கள் நிஜமாகவே படுத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் வந்தது. துடைத்த சைக்கிளிலேயே ஏறிச் சோதனைக்குக் கிளம்பிவிட்டார்.

முதலில் கோல்கீப்பர் வீடு. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பி, “நல்லா தூங்குறியா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அணியினர் எல்லாருடைய போனிலும் அவளுடைய குரல் ஒலித்தது: “ஏய், பம்பரம் சுத்திக்கிட்டு வருது! எங்க இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுங்கடீ!”

அதன்பின் நடந்ததுதான் அந்த அணியின் ஆகச் சிறந்த ஓட்டப் பயிற்சி. கடைத்தெருவில் இருந்தவள் காய்கறிப் பையோடு ஓடினாள். சித்தி வீட்டில் இருந்தவள் ஒரு செருப்போடு ஓடினாள். மாஸ்டர் போய்ச் சேர்ந்த வீட்டிலெல்லாம் ஒருத்தி கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முகமெல்லாம் வேர்வை வழியக் கிடந்தாள். மாஸ்டருக்குப் பரம திருப்தி. “பாருங்கம்மா, ஓய்வு எப்படி வேலை செய்யுது! எவ்வளவு வேர்வை!” என்று அவளுடைய அம்மாவிடம் பெருமைப்பட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படி. ஒவ்வொரு திங்களும் அணி காலில் கல்லைக் கட்டியதுபோல நகர்ந்தது. மேட்சுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவசரம் மைதான ஓரத்தில் நின்று தொடையைத் தடவினாள்.

“லேசா பிடிக்குது மாஸ்டர்.”

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வரையில் அது ஒரு சரித்திர நிகழ்ச்சி. ஓய்வு போதவில்லை என்று முடிவுகட்டினார். அடுத்த ஞாயிறு, பணி முடிந்து வந்த மனைவியைச் செருப்பைக் கழற்றவிடாமல் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அவசரத்தின் வீட்டுக்குப் போனார்.

அவள் போர்வைக்குள் கண்மூடிக் கிடந்தாள். மனைவி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். புருவம் ஏறியது. போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினாள். உள்ளே ஷூ. நாடா அவிழ்க்கவில்லை. அடியில் ஈரச் சேறு.

“எங்கேர்ந்தும்மா ஓடி வர்ற?”

அவசரம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “லைப்ரரிலேர்ந்துக்கா.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்தா? எதுக்கு?”

“ரெஸ்ட் எடுக்க.”

மாஸ்டர் ஆவலாக முன்னால் குனிந்தார். “லைப்ரரிலேர்ந்து எவ்வளவு நேரத்துல வந்த?”

“ஏங்க!” என்றாள் மனைவி. மாஸ்டர் பாக்கெட்டுக்குப் போன கையை ஸ்டாப்வாட்ச் இல்லாமலே வெளியே எடுத்தார். அவள் விடவில்லை. “இதுங்க தொடையைக் கெடுக்கிறது ஓட்டமில்ல, நீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க படுக்கணும். நீங்க படுத்தாத்தான் இதுங்க படுக்கும். நானும் படுப்பேன்.”

அடுத்த ஞாயிறு மேட்சுக்கு முந்தைய நாள். மனைவி சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். செய்தி அணிக்குப் போய்விட்டது. பம்பரம் படுத்துவிட்டது. பெண்கள் நகரத்தின் பல மூலைகளில் நிஜமாகவே தூங்கினார்கள்.

மாஸ்டர் இன்னொரு அறையில் கூரையைப் பார்த்துக் கிடந்தார். இடது பக்கம் புரண்டார். வலது பக்கம் புரண்டார். அதற்குமேல் புரளப் பக்கமில்லை. மெல்ல எழுந்து மொட்டைமாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நடந்தார். நடை தானாகவே ஓட்டமாயிற்று. கீழே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக இறங்கி, கட்டிலுக்குப் பாய்ந்தார். கட்டில்கால் தன் கடமையைச் செய்தது.

மனைவி வந்து பார்த்தபோது கழுத்துவரை போர்த்தி, கண்ணை இறுக மூடி, முகமெல்லாம் வேர்க்கக் கிடந்தார். கால்பக்கத்தைத் தூக்கினாள். சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

“எங்கேர்ந்து ஓடி வர்றீங்க?”

“மாடிலேர்ந்து.”

“எதுக்குன்னு நான் கேக்கமாட்டேன்,” என்று கட்டுத்துணி எடுக்கப் போனாள்.

மறுநாள் மைதானத்தில் தலைமையாசிரியை ஒரு தடவை எண்ணினார். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். அவசரம் தொடையைத் தட்டிக் காட்டி, துள்ளிக் குதித்துப் பூனை மாதிரி இறங்கினாள். கோட்டோரமாய் மாஸ்டர் நொண்டிக்கொண்டு வந்தார்.

“என்ன மாஸ்டர் இது?”

“மேடம், அது வந்து... நீங்க ஒரு கால்கூட குறையக்கூடாதுன்னு...”

“இருபத்திரண்டும் சரியா இருக்கு. உங்க கால் என் கணக்குல வராது. டீம் உங்களோடதுதான். உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்க விசில் ஒலித்தது. கட்டுப்போட்ட கால் நாற்காலிக்கு முன்னால் மரியாதையாக நீட்டியிருந்தது. இன்னொரு கால் நாற்காலிக்கடியில் பந்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிட்டது. நெற்றியில் வேர்வை அரும்பியது. பந்தைத் துரத்திக் கோட்டோரமாய் வந்த அவசரம் அதைக் கவனித்துவிட்டாள்.

“நல்லா ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்!” என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டி ஓடினாள்.