செவ்வாய்க்கு எத்தனை சுற்று?

பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்து ஆட்டோவிலிருந்து பாபு தலையை நீட்டி, “தாஸ் அண்ணன் பூட்டாரு” என்றான். “எங்க, மேடவாக்கம் சவாரியா?” என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. கேட் திறந்த பிறகும் என் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள்.

தோழர்களே, நம் ஆட்டோ ஸ்டாண்டு கரும்பலகையில் தினமும் ஒரு செய்தி எழுதியவர் அவர். அந்தக் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். ஆனாலும் அதைப் படிக்காமல் நம்மில் எவனும் வண்டி எடுத்ததில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் செவ்வாயில் ஒரு விண்கலம் இறங்கி, அதிலிருந்து குட்டி வண்டி ஒன்று உருண்டபோது, பலகை முன்னால் திருவிழாக் கூட்டம். “அங்க சவாரி கெடைக்குமாண்ணே?” என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கலம் போய்ச் சேர்ந்தது. அது இறங்காது, மேலேயே சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கும். “செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது” என்று அண்ணன் எழுதினார். ஒருத்தரும் நிற்கவில்லை.

சங்கச் செயலாளர் மணி துணியோடு வந்தார். “இன்னா தாஸு, வெட்டியா சுத்திக்கினு கீறதெல்லாம் நியூஸா? அப்ப நம்ம ஆறுமுகம் பேரையும் எழுதேன்.” ஆறுமுகம் நான்தான். “சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராவது இதப் பத்திக் கேக்கணும். இல்லாங்காட்டி இனிமே பலகைல சினிமாதான்.”

“நிக்கிற வண்டியத்தான் எல்லாரும் பாப்பாங்க மணி. சுத்துற வண்டிக்குத்தான் சந்துபொந்து தெரியும்” என்றார் அண்ணன். பேச்சு வீறாப்புதான். ஆனால் அன்று முழுக்க ஒரு சவாரிக்கும் போகாமல் பலகையை ஒட்டியே நின்றார்.

சாயங்காலம், நவக்கிரகத்துக்கு விளக்குப் போடக் கிளம்பிய ஒரு அம்மா பலகையைப் படித்தார். “ஏம்பா, நாங்க ஒம்பது சுத்து சுத்துவோம். இவங்க செவ்வாய்க்கு எத்தன சுத்து?”

அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பதில் டக்கென்று வந்தது. “இவங்க ஒம்பதோட வுட மாட்டாங்கம்மா. வருஷக்கணக்கா சுத்துவாங்க. மேல ஏறி மிதிக்கவும் மாட்டாங்க.”

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அதானே மரியாதை! போய் எறங்கி மிதிச்சவங்களுக்கா அத்தன கைதட்டல்?”

கூட்டம் கூடிவிட்டது. மணி அழிக்கக் கொண்டுவந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, “சரி தாஸு, இன்னிக்கு எத்தனாவது சுத்து?” என்றார். நாங்கள் அடித்த விசில் தாம்பரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து பலகையின் மேல்மூலையில் சுற்று எண் ஏறியது. பேப்பரைப் பார்த்து அண்ணன் போட்ட உத்தேசக் கணக்குதான். இறங்கிய கலம் சில வாரங்களில் பேச்சை நிறுத்திக்கொண்டது. அதை யாரும் விசாரிக்கவில்லை. “கூட்டம் கலைஞ்சப்புறம்தான்டா வேலையே ஆரம்பிக்குது” என்பார் அண்ணன். மற்றது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடக்கத்தன்று பலகை முழுக்க அவர் பெயரை எழுதப் போனேன். “டேய், மேல்மூலைய வுடு” என்றார் மணி. அவர் கண் கலங்கியிருந்தது. “இன்னிக்கு சுத்து நம்பர எங்க எழுதுவ?”

பெயரைக் கொஞ்சம் சின்னதாக்கினேன். எண்ணை ஏற்றினேன். அண்ணன் எனக்கு விட்டுப்போன வேலை இது. கூட்டலில் தப்பு வந்தால் அவரைத் திட்டாதீர்கள் தோழர்களே, என்னைத் திட்டுங்கள்.