மூன்று விரல் அகலம்

என் மனைவி பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்தவள். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் "ஆ காட்டுங்க" என்று சொல்லும்போதே தன் வாயையும் திறந்துவிடுவாள். குழந்தைக்கு ஊட்டும்போது நாமும் வாயைத் திறக்கிறோமே, அதே கதைதான். தன் வாய் திறப்பது அவளுக்கே தெரியாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நானும் அந்த நாற்காலியில் மாட்டியவன்தான். அப்போது இருபத்தாறு வயசு, தபால் ஆபீஸில் மூட்டை தூக்குகிற வேலை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். குறடைப் பார்த்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா கெஞ்சினார், அதட்டினார், நான் மசியவில்லை. அந்தக் காலத்தில் முகமூடியெல்லாம் யாரும் போடுவதில்லை. தட்டை ஏந்தி நின்ற பெண் ஆவென்று வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் என் வாய் திறந்தது, பல் போயிற்று. அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

சாயங்காலம் கிராம்பு எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு யார் யார் எப்படிக் கத்தினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

கல்யாணமான இருபத்தெட்டாம் வருஷம் அவளுக்கு மெல்லும்போது காதோரம் 'டக்' என்று சத்தம் வந்தது, கூடவே வலி. ஊருக்கெல்லாம் பல் பார்க்கிற மகராசி, காதுவலி என்று முடிவு பண்ணி ஒரு மாசம் காதில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்! ஒருநாள் காலையில் பல் துலக்க வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மா அவளை அதே நாற்காலியில் உட்காரவைத்து விரலை அடுக்கி அளந்தார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழைந்தது.

"தாடை மூட்டு. ஆபரேஷனெல்லாம் கடைசிப் பேச்சு," என்றார். "வெந்நீர் ஒத்தடம் குடு, மெதுவான சாப்பாடு சாப்பிடு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறே, அதுக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு தர்றேன். தாடைப் பயிற்சிதான் முக்கியம். ஆறு வாரத்துல திறக்கலைன்னா மூட்டுக்குள்ள ஊசி விட்டுக் கழுவணும்."

இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு மனப்பாடமாக ஒப்பித்தவள் அவள். ஒத்தடம் கொடுத்தாள், தகட்டை மாட்டினாள். பயிற்சி மட்டும் செய்யவில்லை.

"திறந்தா தாடை கழண்டு விழுந்துடும்போல இருக்கு. பயமா இருக்குங்க."

நாலு வாரம் ஓடிவிட்டது. அதே ஒரு விரல். "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவதானே நீ!" என்று கரடியாகக் கத்தினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி அந்தச் சிரிப்பே கேட்காதோ என்ற பயம்தான் என்னைக் கத்தவைத்தது. அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சிப்படி நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்து, கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் கொடுத்து, மெதுவாக வாயைத் திறந்தேன். பல் போன பொந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவளின் தாடை தானாக அசைந்தது. 'டக்' என்றது. கண்ணை இறுக்கி மூடினாள். எதுவும் கழன்று விழவில்லை. ஒரு வேளைக்கு ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. நான் லீவு போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

ஆறாம் வாரம் இரண்டு விரல் நுழைந்தது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நாலாம் மாசம் ஒரு காலையில் அவளே கண்ணாடி முன்னால் நின்று மூன்று விரலை அடுக்கிப் பார்த்தாள். நுழைந்தது. விரலை எடுத்ததும் பழையபடி சிரித்தாள். கீழே ரேடியோ சத்தம் கூடியது.

"இந்தத் தாடை வலியே உங்களாலதான் வந்துச்சு, தெரியுமா?" என்றாள்.

"நான் என்ன பண்ணேன்?"

"நீங்க பல்லு பிடுங்க வந்தீங்களே, அன்னிக்கு நான் வேலைக்குச் சேர்ந்து மூணாவது நாள். இவ்வளவு பெரிய ஆளு நடுங்குறீங்களேன்னு பாவமா இருந்துச்சு. வேணும்னேதான் ஆ காட்டினேன், நீங்களும் திறந்துட்டீங்க. அதுக்கப்புறம் யார் பயந்தாலும் அதையே பண்ணேன். போகப் போக ஒட்டிக்கிச்சு. இத்தனை வருஷம் ஆ காட்டிக் காட்டியே தாடை தேஞ்சுபோச்சு."

அவளுக்கே தெரியாத பழக்கம் என்று இத்தனை வருஷமும் அவளைக் கேலி பண்ணியவன் நான். ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்கு எனக்குத்தான் வாய் திறக்கவில்லை.